வேட்பாளர் தலையில் வைத்த கை

ஆசிரியருக்கு,

தேர்தலும் கிறிஸ்தவ சபைகளும் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். விசுவாசிகள் முழங்காலில் நின்றால் போதும், அரசியல் அவர்களுக்கு எதற்கு என்பது அவர் வாதம். மறுப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, என் கோபம் அவர்மேல் இல்லை, எங்கள் ஆட்கள்மேல்தான் என்று தெரிந்தது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழ்ச் சுவிசேஷ சபைக்குப் போகிறவன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், புடவைக்கடைக்கு மேல்மாடியில் வாடகை மண்டபம், பதினெட்டுப் படி. அக்கம்பக்கத்தார் எங்களை அல்லேலூயாக்காரர் என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தேர்தல் காலத்து ஞாயிறு. ஆராதனையின் நடுவில் வேட்பாளர் ஒருவர் உதவியாளர் இருவருடன் படியேறி வந்தார். நெற்றியில் அவசரமாகத் துடைத்த திருநீற்றின் மிச்சம். வலது மணிக்கட்டில் பிரித் நூல். கோயிலும் விகாரையும் முடித்துக்கொண்டு எங்களிடம் வந்திருக்கிறார். அதை நான் குறை சொல்லவில்லை. வாக்குக் கேட்பவர் எல்லா வாசலும் ஏறத்தான் வேண்டும். எங்கள் பாஸ்டர்தான் அவரை முன்னே அழைத்து, முழங்காலிட வைத்து, தலையில் கைவைத்து, கர்த்தர் உம்மைத் தெரிந்துகொண்டார், பாராளுமன்ற ஆசனத்தை உமக்குக் கொடுத்துவிட்டார் என்று தீர்க்கதரிசனம் உரைத்தார். கீபோர்ட் வாசிக்கும் பையன் அதற்கேற்றபடி மெல்லச் சத்தத்தைக் கூட்டினான். "இவர் போன முறை மற்றக் கட்சியில் அல்லவா நின்றவர்?" என்று பின்வரிசை அம்மா ஒருவர் பக்கத்தவரிடம் கேட்டது, அத்தனை ஸ்தோத்திரத்துக்கு நடுவிலும் என் காதில் விழுந்தது.

அவர் தோற்றார்.

இப்படிப்பட்ட காரியத்துக்கு வேதாகமத்தில் உபாகமம் 18ஆம் அதிகாரம் வெட்டொன்று துண்டிரண்டாகப் பதில் சொல்லியிருக்கிறது. கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல, சொன்னவன் துணிந்து சொன்னது. வேதத்தின் ஒவ்வோர் எழுத்தும் தேவனுடைய வார்த்தை என்று அறிக்கையிடும் நாங்கள், மறுவாரம் அந்த அதிகாரத்தைத் திறந்திருக்க வேண்டும். மறுவாரப் பிரசங்கம், வருமானத்தில் பத்திலொன்றைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் பற்றியது.

எங்கள் வீடுகளுக்குள் போனால் சுவரில் எரேமியா 29:11 தொங்கும். ஆண்டிறுதி இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாகக் கைக்கு வந்ததைச் சட்டம் போட்டு மாட்டியிருப்போம். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அந்த அதிகாரமும் ஒரு கடிதம்தான், எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு, சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதியது. நான்கு வசனம் மேலே போங்கள். உங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உங்களுக்கும் சமாதானம் என்கிறார். அந்நியருடைய பட்டணம், அந்நிய ராஜா, ஆனாலும் தேடு என்கிறார். அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். எரேமியா சொன்னதோ எழுபது வருடம். அட்டை அடித்துக் கொடுத்தால் எங்கள் சபைகளில் அனனியாவின் அட்டைக்குத்தான் தட்டுப்பாடு வரும்.

ஆகவே, ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும் உங்கள் வாசகரை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுவதென்றால் அதில் வீட்டு வாடகையும் இருக்கிறது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் இருக்கிறார்கள், மழை வந்தால் நிரம்பும் கால்வாயும் இருக்கிறது. அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரகாம் முன்னின்று கூட்டிய, உலகச் சுவிசேஷ சபையாரின் 1974 லொசான் மாநாட்டின் உடன்படிக்கையே, சுவிசேஷம் அறிவிப்பதும் சமூக, அரசியல் ஈடுபாடும் இரண்டும் கிறிஸ்தவக் கடமை என்று எழுதி வைத்திருக்கிறது. வாக்களிப்போம், கேள்வி கேட்போம், ஆளுகிறவர் எவரானாலும் பெயர் சொல்லி ஜெபிப்போம். போட்டியிடுகிறவரைக் கர்த்தருடைய வேட்பாளர் ஆக்குவதுதான் எங்கள் வேலை அல்ல. சபைக்குள் வேறு கட்சிக்கு வாக்களிக்கும் தங்கச்சி அன்றைக்குக் கர்த்தருக்கு விரோதி ஆகிவிடுகிறாள். ஆன்மிகத் தீங்கு வரும் என்று மிரட்டி வாக்குப் பெறுவதை 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. எங்கள் பாஸ்டர் மிரட்டவில்லைதான். ஆனால் கர்த்தர் முடிவு செய்துவிட்டார் என்று கேட்ட பிறகு, பயந்த சுபாவமுள்ள ஒரு விசுவாசி வாக்குச்சாவடியில் என்ன செய்வார்?

வேட்பாளர் வந்த அன்றே, ஆராதனை முடிந்து தேநீரோடு நின்ற பாஸ்டரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். "தம்பி, நாளைக்கு அனுமதிக் கடிதம் கேட்டு ஆள் வந்தால் நீரா வந்து பேசுவீர்?" என்றார். அந்த நேரம் எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய பயம் வெறும் கற்பனை அல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் கிறிஸ்தவர்கள் 7.6 வீதம், அதில் பெரும்பங்கு கத்தோலிக்கர். எங்களைப் போன்ற சபைகள் மிச்சச் சொச்சத்தில் ஒரு துண்டு. மதமாற்றத் தடைச் சட்டமூலம் 2004இல் வந்தது. அதன் சில வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் அதற்கு முந்திய ஆண்டு, மதத்தைப் பின்பற்ற உரிமை உண்டு, பரப்புவதற்கு அரசியலமைப்பில் உத்தரவாதம் இல்லை என்றும் சொல்லியிருந்தது. 2008இல் புதிய வழிபாட்டுத் தலங்களுக்கு அனுமதி வேண்டும் என்ற அமைச்சுச் சுற்றறிக்கை. வீட்டில் பத்துப் பேர் கூடிப் பாடும் ஜெபக்கூட்டத்துக்கும் அதைக் காட்டி அனுமதி எங்கே என்று கேட்ட ஊர்கள் உண்டு. கூட்டம் கூடி வாசலில் நின்று கத்தும்போது, பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் பேசித்தர ஓர் அரசியல்வாதியின் தொலைபேசி எண் கையில் இருந்தால் எவ்வளவு ஆறுதல் என்பது, கிராமத்தில் ஊழியம் செய்தவர்களைக் கேட்டால் தெரியும். கொழும்பில் இருந்துகொண்டு அவர்களுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை.

ஆனால் அந்த எண்ணுக்கு விலையாகக் கர்த்தருடைய பெயரைக் கொடுக்க முடியாது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. எந்த வேட்பாளரும் தந்ததல்ல. இன்று எங்கள் ஆள் என்று ஒருவரை அபிஷேகம் பண்ணினால், நாளை அவருடைய எதிராளி வெல்லும்போது அந்த உரிமையை எந்த முகத்தோடு போய்க் கேட்பது? 9ஆம் உறுப்புரை பௌத்த மதத்துக்கு முதன்மை கொடுத்ததைப் பற்றி மூடிய அறையில் முணுமுணுக்கிறோம். கை எட்டியிருந்தால் நாங்களும் அதையேதான் செய்திருப்போம் என்று அந்த ஞாயிறு எனக்குத் தோன்றியது.

கடைசியில் ஆளும் வந்தது. போன வருடம் ஒரு மாலை, மண்டபத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று விசாரிக்க இருவர் வந்து நின்றார்கள். பாஸ்டர் அந்த முன்னாள் வேட்பாளருக்கு மூன்று தடவை அழைத்தார், எடுக்கவில்லை. கீழே புடவைக்கடை முதலாளிதான் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து, சிங்களத்தில் பேசி அனுப்பினார். ஞாயிறுதோறும் எங்கள் டிரம் சத்தத்துக்காகச் சண்டை பிடிக்கிறவர் அவர். எந்தக் கட்சிக்காரர் என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு விசுவாசி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.
(பெயரைத் தனியே தந்திருக்கிறேன், அச்சில் வேண்டாம்.)