கை தந்தவர்களுக்கு

யாழ்ப்பாணம்

அன்புள்ள எல்லோருக்கும்,

மூட்டு அழற்சியை அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் பார்க்கும் என் ஆய்வேட்டைப் போன கிழமை ஒப்படைத்துவிட்டேன். அதன் முன்பக்கத்து நன்றியுரை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை வாசிக்கப்போகாதவர்களுக்குத்தான் நான் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறேன். அதனால் இந்த மடல்.

முதலில், ஸ்கான் மேசையில் கை நீட்டிய உங்கள் எல்லோருக்கும். முடக்குவாதம் வந்த கை விடியற்காலையில் படும் பாட்டைப் புத்தகம் 'காலை விறைப்பு' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடும். புட்டுக்கு மாக் குழைக்க விரல் மடங்காததையும், தேங்காய் திருவ மருமகளை எழுப்பக் கூச்சப்பட்டதையும், சுடுதண்ணிக்குள் கையை வைத்துக்கொண்டு விறைப்பு இளகக் காத்திருந்ததையும் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவை இங்கே சொல்லியே ஆகவேண்டும். அவருடைய மணிக்கட்டில் வெளியே வீக்கம் தெரியவில்லை. 'வயசுக்கு வாற நோவுதான்' என்று பல காலம் கேட்டுக் களைத்திருந்தார். நான் கருவியை வைத்ததும், "மெல்லப் பிடி பிள்ளை, நோகுது" என்றார். அழற்சி கண்ட மூட்டுச் சவ்வில் ஓடும் இரத்தத்தை ஸ்கானின் 'பவர் டொப்ளர்' முறை நிறமாகக் காட்டும். கருவி சற்று அழுத்தினாலே அந்த மெல்லிய ஓட்டம் நின்று நிறம் மறைந்துவிடும். படித்திருந்தேன், ஆனாலும் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். ஜெல்லைத் தடிப்பாகப் பூசிக் கையைத் தளர்த்தியதும் கறுப்புத் திரையில் செம்மஞ்சள் பொட்டுகள் மினுங்கின. "இதுதானோ இரா முழுக்க எரிஞ்சது?" என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். அம்மா, அன்றிலிருந்து யாருக்கும் நான் அழுத்திப் பிடித்ததில்லை.

இன்னொருவர் வெங்காயத் தோட்டம் செய்யும் ஐயா. நோயின் வேகத்தை அளக்க நாங்கள் வழக்கமாக எண்ணும் 28 மூட்டுகளில் பாதம் இல்லை. "காலைப் பாக்கேல்லையோ தம்பி?" என்று அவர் கேட்ட பிறகே பாதங்களையும் சேர்த்தேன். இந்த நோய் எலும்பை அரிப்பது சிலருக்குக் கால் சின்னவிரலின் அடிமூட்டில்தான் முதலில் தெரியும். என் ஆய்வேட்டில் பாதத்துக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறதென்றால் அது அவருடையது.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத கைகளும் வேண்டியிருந்தன. இரவு வேலை முடிந்த களைப்போடு கை தந்த தாதியருக்கும், ஜெல் குளிர்ந்துவிடாமல் போத்தலை வெந்நீரில் வைத்துக் காத்த சிற்றூழியர் அக்காவுக்கும் நன்றி. மெதொட்ரெக்ஸேட், முடக்குவாதத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை மட்டும் குடிக்கும் குளிசை. நாளாந்தம் குடித்தால் உயிருக்கே ஆபத்து. குடிக்கவேண்டிய நாளை ஒவ்வொரு கிளினிக் கொப்பியிலும் சிவப்பு மையால் வட்டமிட்ட மருந்தாளருக்கு, ஆய்வுக்கு அப்பாலும் நன்றி.

என் மேற்பார்வையாளருக்கு ஒரு கடன் தனியாக இருக்கிறது. திரையின் நிறத்தில் நான் மயங்கிக் கிடந்த நாட்களில், முடக்குவாதச் சிகிச்சைக்கு ஸ்கான் உதவுமா என்று நோர்வேயில் பார்த்து 2016இல் வெளிவந்த, 'ஆர்க்டிக்' என்று பெயரிட்ட ஆய்வை என் முன் வைத்தார். மூட்டுகளைக் கவனமாகத் தொட்டுப் பார்த்து நெருக்கமாகச் சிகிச்சை செய்தாலே போதுமான பலன் கிடைத்தது. ஸ்கானையும் சேர்த்து மருந்தைக் கூட்டிய குழு அதைவிட மேலாக வரவில்லை. "முதல் கையால பார், பிறகு கருவியை எடு" என்றார். சந்தேகம் உள்ள இடத்தில்தான் ஸ்கானுக்கு உண்மையான வேலை என்று இன்று நானும் நம்புகிறேன்.

நெடுந்தீவிலிருந்து வருபவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகைத் தவறவிட்டால் அன்று வீடு திரும்ப முடியாது. அதை அறிந்து, விடிய வந்து எடுத்த நம்பரை அவர்களுக்கு விட்டுக்கொடுத்த ஊரவரை மறக்கமாட்டேன். நான் கேட்கவில்லை, நீங்களாகவே செய்தீர்கள்.

நாங்கள் கண்டவற்றைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதியிருக்கிறேன். அடுத்த கிளினிக் நாளில் ஒவ்வொருவருடனும் இருந்து வாசித்துக் காட்டுவேன். கொப்பியை மறக்காமல் கொண்டுவாருங்கள். இந்த முறையும் நெடுந்தீவுக்காரரைத்தான் முதலில் கூப்பிடுவோம்.

அன்புடன்,
உங்கள் கைகளைப் பார்த்தவன்