குடில் மலையில் ஒரு சரிவு காத்திருக்கிறது

நேபிள்ஸ், இத்தாலி,
நவம்பர் 11

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற திங்கட்கிழமை கைக்கு வந்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. அடுத்த பக்கத்தில் இருந்ததை நம்ப முடியாமல் இரண்டு முறை படித்தேன். டிசம்பர் 22ஆம் தேதி நீயும் மகளும் வந்து இறங்கி, ஜனவரி 7 வரை என்னோடு தங்கப் போகிறீர்கள். இத்தனை வருடமாக ‘வா, வா’ என்று எழுதி வந்ததற்கு இந்த ஒரு வரி போதும்.

கிறிஸ்துமஸ் நேரத்தில் இந்த ஊரில் என்னென்ன பார்க்கலாம் என்று பட்டியல் கேட்டிருக்கிறாய். தெரு விளக்குகளும் பெரிய மரமும் சதுக்கத்துக் கடைகளும் இங்கேயும் உண்டு. ஆனால் அவற்றுக்காக நீ இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை, வடக்கே ஜெர்மனியில் அவற்றை இதைவிட அழகாகச் செய்கிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் கிறிஸ்துமஸை வீட்டுக்குள், கைவேலையாக நடத்துகிறார்கள். குடில் கட்டுகிறார்கள், மாவு உருட்டிப் பொரிக்கிறார்கள், மீன் வாங்க விடிய விடிய அலைகிறார்கள், சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எண் கூப்பிட்டு விளையாடுகிறார்கள். ஆகவே, நீ பார்க்க வேண்டியவற்றைவிட நாம் சேர்ந்து செய்ய வேண்டியவற்றையே எழுதுகிறேன்.

முதலில் குடில். இதை இங்கே ‘பிரெசேபே’ என்பார்கள். மாதாவின் அமல உற்பவத் திருநாளான டிசம்பர் 8 இங்கே அரசு விடுமுறை; அன்றைக்குப் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கும். எங்கள் தூத்துக்குடி வீட்டில் ஓலையும் வைக்கோலும் வைத்துக் கட்டிய குடிலில் திருக்குடும்பமும் மூன்று அரசர்களும் நாலைந்து ஆடுகளும் இருந்தால் வேலை முடிந்துவிடும். இங்கே ஒரு மலையையே எழுப்புகிறார்கள். தக்கை மரப்பட்டையை உடைத்துப் பாறையாக அடுக்கி, இடையில் பாசியைப் பதித்து, ஒரு பக்கம் சாராயக்கடை, ஒரு பக்கம் மீன் கடை, துணி துவைக்கும் பெண்கள், கிணறு, ரொட்டிச் சூளை, பாலம் என்று ஓர் ஊரையே உண்டாக்கிவிடுகிறார்கள். அந்த ஊர் பெத்லகேம் இல்லை, நேபிள்ஸேதான். உங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியாரும் செட்டிச்சியும் அரிசி பருப்பை முன்னால் பரப்பிக்கொண்டு கடை போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த வரிசையை ஒரு மலை முழுவதும் பரப்பி, நடுவில் ஒரு பிள்ளை பிறப்பதாக நினைத்துப் பார். நீ வந்து பார்க்கும்போது இது உனக்கு அந்நியமாகவே தெரியாது.

நான் இங்கே வந்த முதல் ஆண்டு, விளக்கும் மலையும் பொம்மைகளும் ஒன்றாக ஒட்டி விற்ற ஆயத்தக் குடில் ஒன்றை வாங்கி வந்து, மேல்வீட்டுப் பாட்டியிடம் பெருமையோடு காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு சாக்கு நிறையத் தக்கைப் பட்டையும் பசைக் குவளையும் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் வைத்தார். அன்று தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் இருவரும் சேர்ந்தே கட்டுகிறோம். பழைய பட்டையைத் தூக்கி எறியாமல், ஆண்டுக்கு ஒரு புதுச் சரிவை மட்டும் சேர்த்துக்கொண்டே போவது அவருடைய வழக்கம். அவர் முதலில் எடுத்து வைக்கும் பொம்மை, மலையின் உச்சியில் ஆடுகளுக்கு நடுவே தூங்கும் சிறுவன் பெனீனோ. இந்தக் குடில் முழுவதும் அவன் காணும் கனவு என்றும், அவனை எழுப்பினால் எல்லாம் மறைந்துபோகும் என்றும் இங்கே சொல்வார்கள். எழுபது வயது தாண்டிய அந்தப் பெண்மணி பெனீனோவை வைக்கும்போது, நிஜமாகவே உறங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கையை மெதுவாக விலக்கிக்கொள்வதை நீ பார்க்க வேண்டும். குழந்தை இயேசுவின் தொட்டில் மட்டும் 24ஆம் தேதி நள்ளிரவு வரை காலியாக இருக்கும்.

நீ வந்த மறுநாள் காலையில், கூட்டம் சேருவதற்கு முன்பே, சான் கிரெகோரியோ அர்மேனோ தெருவுக்குப் போவோம். பழைய கிரேக்க நகரத்தின் இரண்டு நேர்கோட்டு வீதிகளுக்கு நடுவே, மேலேறிப் போகும் குறுகலான சந்து அது. ஆண்டு முழுவதும் குடில் பொம்மை செய்பவர்களின் பட்டறைகள் அங்கே இயங்குகின்றன. டிசம்பர் விடுமுறை நாட்களில் அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது. நடப்பவர்களையே ஒருவழிப் பாதையில் திருப்பிவிடுவார்கள். மேல்முனையில் உள்ள சதுக்கத்துக்குப் புனித கயத்தானின் பெயர். 16ஆம் நூற்றாண்டில் இந்த நகரத்தில் குடில் வழக்கத்தைப் பரப்பியவர் என்று அவரைத்தான் இங்கே நினைவுகூர்கிறார்கள். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி நடத்திய குடில் காட்சி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சந்தையும் சாராயக்கடையுமாக வளர்த்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

அந்தத் தெருவில் அரசியல்வாதிகள், கால்பந்து வீரர்கள், சினிமா நட்சத்திரங்கள் எல்லோரும் பொம்மைகளாக முன்வரிசையில் நிற்பார்கள். மகள் அவற்றில் மயங்கி நின்றால் நிற்கட்டும், தவறில்லை. ஆனால் நீ உள்ளே பட்டறைப் பக்கம் வந்து, நல்ல பொம்மை ஒன்றைக் கையில் எடுத்துப் பார். தலை சுடுமண், கண் கண்ணாடி, கையும் காலும் மரம். உடம்பு மட்டும் கம்பியின்மேல் நார் சுற்றியது. அதனால்தான் ஒவ்வொரு பொம்மையையும் விரும்பியபடி வளைத்து நிறுத்த முடிகிறது. உடைகளை நிஜத் துணியில், நிஜத் தையலில் தைக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் போர்போன் வம்சத்து அரசர் சார்லஸ் காலத்தில் இந்தக் கலை அரண்மனை வரை ஏறியது. அரசரே குடில் கட்டுவதில் ஈடுபட்டார் என்றும், அரசி பொம்மைகளுக்கு உடை தைத்தார் என்றும் சொல்வார்கள். உலகமே வந்து வியக்கும் ‘திரையிட்ட கிறிஸ்து’ பளிங்குச் சிலையை 1753இல் செதுக்கிய ஜுசெப்பே சன்மார்த்தினோவும் குடில் பொம்மைகள் செய்தவர்தான். எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு: மீன்காரி, குடிகாரன், பிச்சைக்காரன், பாலம் கடப்பவன் என்று யாராக இருந்தாலும், இந்தப் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே பெயர், ‘மேய்ப்பர்கள்’.

அங்கிருந்து மறுநாள், கம்பிவடத்தில் இழுபட்டு ஏறும் மலை ரயிலில் வோமெரோ குன்றுக்குப் போய், சான் மார்த்தினோ மடத்து அருங்காட்சியகத்தில் இருக்கும் குச்சினியெல்லோ குடிலைப் பார்ப்போம். மிகேலே குச்சினியெல்லோ என்பவர் தாம் சேர்த்து வைத்திருந்த 18ஆம் நூற்றாண்டுப் பொம்மைகளை நகரத்துக்குக் கொடுத்து, 1879இல் ஒரு குகைபோன்ற அறையில் தாமே அமைத்துத் தந்தது அது. விடியல், பகல், இரவு என்று வெளிச்சம் மாறிக்கொண்டேயிருக்கும். பிறப்பு நடக்கும் இடம் மாட்டுத்தொழுவம் இல்லை, இடிந்த ரோமானியக் கோயில். எரிமலையில் புதைந்துபோன அருகிலிருந்த ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியமும் பொம்பேயும் தோண்டி எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தின் பாதிப்பு அது. முதல் முறை நின்றபோது, சாராயக்கடையில் தொங்கும் இறைச்சியையும் பழக்கூடைகளையும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கோயில் தூண்களுக்கு இடையில் இருந்த பிள்ளை வெகுநேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அன்று ஏற்பட்ட உணர்வை உனக்குச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீயும் அதே இடத்தில் நின்று பார்த்த பிறகு பேசிக்கொள்வோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாள்களில் மலைப்பகுதியிலிருந்து இடையர் உடையில் இசைக்காரர்கள் இறங்கி வருவார்கள். முன்போலப் பலர் வருவதில்லை என்றாலும் பழைய நகரத்தில் கட்டாயம் ஒரு ஜோடியையாவது காணலாம். ஒருவர் ஆட்டுத்தோல் துருத்தியை அக்குளில் இடுக்கி ஊதுவார், மற்றவர் அதோடு இசைந்து சிறு குழல் வாசிப்பார். அந்தக் குழலுக்கும் நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி உண்டு. துருத்தியிலிருந்து இடைவிடாமல் எழும் ஆதார சுருதி நம் ஒத்து போலவே கேட்கும். கண்ணை மூடினால் ஒரு கணம் ஊர்த் திருவிழாதான். அவர்கள் வாசிக்கும் பாடல்களில் முக்கியமான ஒன்றை, இத்தாலி முழுவதும் பாடுவதை, 1754இல் இயற்றியவர் இந்த ஊரில் வழக்கறிஞராக இருந்து பிறகு துறவியான புனித அல்போன்ஸ் லிகோரி. நம் ஊரில் சகாய மாதா நவநாள் நடத்தும் ரெடம்ப்டரிஸ்ட் சபையை நிறுவியவரும் அவரே என்பதை இங்கே வந்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

23ஆம் தேதி இரவு உன்னைத் தூங்கவிட மாட்டேன். போர்த்தா நொலானா மீன் சந்தை அன்றைக்கு விடிய விடிய நடக்கும். சொட்டும் தண்ணீரும் மின்விளக்கும் கூச்சலுமாக, நீல நிறத் தொட்டிகளில் விலாங்குகள் நெளிந்துகொண்டிருக்கும். கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்துக்குப் பெரிய பெண் விலாங்கு வேண்டும். அதை ‘கபித்தோனே’ என்பார்கள். ஏவாளை ஏமாற்றிய பாம்பின் உருவம் என்பதால் அன்றைக்கு அதைத் தின்று தீர்க்க வேண்டும் என்று பாட்டி விளக்கம் சொல்வார். சென்ற ஆண்டு வாங்கி வந்த விலாங்கு அவருடைய கையிலிருந்து வழுக்கி, சமையலறைத் தரையில் ஓடி, அடுப்புக்குப் பின்னால் புகுந்துவிட்டது. கைநிறைய உப்பும் ஒரு பழந்துணியும் எடுத்துக்கொண்டு முழங்காலிட்டு அதைப் பிடித்த அந்த அரைமணி நேரம், வயது வேறுபாடெல்லாம் மறந்து நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இளைய தலைமுறை இப்போது விலாங்கை அவ்வளவாக விரும்புவதில்லை. அதனால் மட்டி போட்ட ஸ்பகெட்டியும், உப்பிட்டு உலர்த்திய கோட் மீனை ஊறவைத்துப் பொரித்ததும் கட்டாயம் இருக்கும். மகள் பட்டினி கிடக்க மாட்டாள்.

நீ சைவம் என்பதை மறக்கவில்லை. வேகவைத்த காலிஃப்ளவரோடு ஆலிவும் ஊறுகாய் மிளகாயும் சேர்த்த ஒரு சாலட் உண்டு. நெத்திலியைச் சேர்க்காமல் உனக்குத் தனியே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதைப் புத்தாண்டு வரை தீர்ந்த அளவுக்குப் புதிதாகச் சேர்த்துக்கொண்டே வைத்திருப்பார்கள். இனிப்புகளில் ‘ஸ்த்ருஃபொலி’ செய்வதற்கு உன் கை வேண்டும். மாவைக் கயிறாகத் திரித்து, சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, பொரித்து, சூடான தேனில் புரட்டி, ஈரக்கையால் வளையமாக அடுக்கி, மேலே வண்ணச் சர்க்கரை மணிகளைத் தூவ வேண்டும். கடையில் வாங்குவதில் அந்த மணம் வராது. பாதாம் போட்ட வளையப் பணியாரம் ஒன்றுக்கு இங்கே பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் பொடித்த மசாலா சேர்க்கிறார்கள். ஆகவே வரும்போது நல்ல கருவாப்பட்டையும் கிராம்பும் கொஞ்சம் கொண்டுவா. பாட்டிக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

24ஆம் தேதி மாலை பேருந்தும் மெட்ரோவும் சீக்கிரமே நின்றுவிடும், தெருக்கள் வெறிச்சோடிவிடும். அதற்கு முன்பே வீட்டுக்குள் இருந்துவிட வேண்டும். விருந்து முடிந்த பிறகு, நள்ளிரவு வரை ‘தோம்போலா’. நம் மன்றங்களில் தம்போலா என்று சீட்டில் எண் அடிக்கிறோமே, அந்தப் பெயர் வந்த இடம் இதுதான். 1734இல் அரசர் லாட்டரியை ஆதரிக்க, ரோக்கோ என்ற துறவி அது பாவம் என்று எதிர்க்க, கடைசியில் கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் லாட்டரி நிறுத்தப்பட்டதாகவும், மக்கள் அதை வீட்டுக்குள் விளையாட்டாக மாற்றிக்கொண்டதாகவும் கதை சொல்வார்கள். சிறிய பிரம்புக் கூடையைக் குலுக்கி, 1 முதல் 90 வரை உள்ள மரக்காய்களில் ஒன்றை எடுக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு: 25 என்றால் கிறிஸ்துமஸ், 33 இயேசுவின் வயது, 47 செத்தவன், 48 பேசுகிற செத்தவன், 90 பயம். பாட்டி எண்ணைச் சொல்லாமல் பொருளை மட்டுமே கூப்பிடுவார். வந்த காய்களைச் சேர்த்து ஒரு கதையும் கட்டிவிடுவார். சீட்டில் எண்ணை மறைக்கக் காய்ந்த அவரை விதையோ, மேசையிலேயே கிள்ளிப் போட்ட ஆரஞ்சுத் தோலோ போதும். அந்தத் தோல் மணம்தான் எனக்கு இப்போது கிறிஸ்துமஸ் மணமாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு விளையாட்டை நிறுத்திவிட்டு, வீட்டில் இருப்பவர்களில் வயதில் சிறியவர் குழந்தை இயேசுவைத் தொட்டிலில் வைப்பார். இந்த ஆண்டு அது உன் மகள்.

புத்தாண்டு இரவு வெடிச்சத்தம் அதிகம். மாடியிலிருந்து பார்ப்போம், தெருவில் இறங்க வேண்டாம். ஜனவரி 5 இரவு, துடைப்பத்தில் வரும் பெஃபானா கிழவி பிள்ளைகளின் காலுறையில் இனிப்பு வைத்துவிட்டுப் போவாள். சேட்டை செய்தவர்களுக்குக் கரி போலவே கறுத்த சர்க்கரைக் கட்டி. மகளுக்கு இரண்டையும் வாங்கி வைக்கப் போகிறேன்.

இன்னொன்று: இந்த ஆண்டுக்கான புதுச் சரிவை 8ஆம் தேதி நாங்கள் கட்டப் போவதில்லை. தக்கைப் பட்டையும் பசையும் தயாராக இருக்கும். நீங்கள் வந்த பிறகு நால்வருமாகக் கட்டலாம் என்று பாட்டி சொல்லிவிட்டார். அதில் நிற்கப் போகும் மேய்ப்பர் யார் என்று மகள் இப்போதே யோசித்து வைக்கட்டும். மீன்காரியா, துணி துவைப்பவளா, கடை போட்டு உட்கார்ந்த செட்டியாரா? உங்கள் கொலுப் பெட்டியில் உடையாத செட்டியார் இருந்தால், பஞ்சில் சுற்றி எடுத்து வா.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். விமானம் இறங்கும் நேரத்தை மறக்காமல் எழுது.

உன் அன்புத் தோழி