காத்திருப்பவர்களுக்கும் நாலு வாரம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டிசம்பர் இரண்டாம் வாரம் வந்த உங்கள் இதழைப் பார்த்தேன். பள்ளிகள், அலுவலகங்கள், சங்கங்கள் என்று நடந்து முடிந்த கிறிஸ்து பிறப்பு விழாப் படங்கள் பக்கம் பக்கமாக வந்திருந்தன. கேக் வெட்டியாயிற்று, குடிலில் குழந்தையையும் கிடத்தியாயிற்று. எங்கள் கோவிலிலோ அது இன்னும் திருவருகைக் காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரக் காத்திருப்பு. அந்த வாரம் பீடத்தருகே ஊதா துணி, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுகிற வளையத்தில் இரண்டே மெழுகுதிரி எரிந்தது. 'உன்னதங்களிலே' கீதத்தைக்கூட ஞாயிறு பூசையில் இன்னும் பாடாமல் வைத்திருக்கிறோம். பெத்லகேம் இரவில் வானதூதர் பாடியதல்லவா, அந்த இரவுக்காக அது காத்திருக்கிறது.

குறை சொல்ல இதை எழுதவில்லை. அரையாண்டுத் தேர்வு, விடுமுறை எல்லாவற்றையும் பார்த்துத்தான் பள்ளிகள் விழாவை முன்கூட்டியே வைக்கின்றன. 30 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான், அந்தச் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் இப்படி அவசரப்படும்போது ஒரு கூட்டத்தை நாம் வெளியே நிறுத்திவிடுகிறோம். அதை எனக்குக் காட்டியவள் என் சித்தி மகள். தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் வாக்கப்பட்டவள். என்னைவிட மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

2017 நவம்பர் 30, அந்திரேயா திருநாள். இயேசுவின் சீடர், பேதுருவின் சகோதரர், அவரும் கடலில் வலை வீசியவர்தான். அன்றுதான் ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆட்கள் நாள் கணக்கில் தங்கி ஆழ்கடலில் மீன் பிடிப்பவர்கள். எச்சரிக்கை கரைக்கு வருவதற்கு முன்பே பலர் வெகுதூரம் போயிருந்தார்கள். அத்தானும் போயிருந்தார்.

மூன்று நாள் கழித்து, டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. எங்கள் கரைக்கெல்லாம் வேண்டிய சவேரியாரின் திருநாளும் அதே தேதிதான். அன்றைய நற்செய்தி மாற்கு 13-ஆம் அதிகாரம். வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவில் வருவாரோ, சேவல் கூவும் நேரத்தில் வருவாரோ, காலையில் வருவாரோ தெரியாது, விழித்திருங்கள் என்கிற பகுதி. அந்த நாலு வேளையும் அக்கா கடற்கரை மணலில்தான் இருந்தாள். லட்சத்தீவில் ஒரு படகு ஒதுங்கியிருக்கிறது, மகாராஷ்டிராவில் சிலர் கரையேறியிருக்கிறார்கள் என்று தினமும் ஏதாவது தகவல் வரும். சில வீடுகளுக்கு ஆள் திரும்பி வந்தார்கள். அந்த வீடுகளிலிருந்து கேட்ட அழுகையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் ஆளையும் தேடுங்கள் என்று கேட்டுக் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த கூட்டத்தில் அக்காவும் இருந்தாள். அத்தான் வரவில்லை, உடலும் வரவில்லை.

காணாமல் போனவரை இறந்தவர் என்று சட்டம் எடுத்துக்கொள்ள வழக்கமாக 7 வருடம் ஆகும். ஒக்கிக்காக அந்த விதியைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் நிவாரணமும் கொடுத்தார்கள். அரசு செய்ய வேண்டியதைச் செய்தது. காகிதத்தில் விஷயம் முடிந்தது, அக்காவுக்கு முடியவில்லை.

மறு வருடம் டிசம்பரில் ஊரில் ஒவ்வொன்றாக விழா தொடங்கியது. எல்லோரும் அன்போடுதான் கூப்பிட்டார்கள். ஒன்றுக்கும் அவள் போகவில்லை. ஆனால் ஞாயிறு பூசைக்கு நாலு வாரமும் தவறாமல் போனாள். ஏன் அக்கா என்று கேட்டேன். "அங்க எல்லாரும் காத்துட்டு நிக்காங்க. அவங்களோட நானும் போய் நிக்கலாம்லா" என்றாள்.

எத்தனையோ வருடம் மறைக்கல்வி வகுப்பில், திருவருகைக் காலம் என்றால் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தம் செய்வது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது பாதிதான். வழிபாட்டில் டிசம்பர் 16 வரை முக்கியமாக நினைப்பது, ஆண்டவர் திரும்பி வரப்போகும் நாளை. 17-ஆம் தேதியிலிருந்துதான் பெத்லகேம் பக்கம் திரும்புகிறோம். அதாவது வந்துவிட்டவருக்காகக் காத்திருப்பதுபோல நாம் நடிக்கவில்லை, உண்மையிலேயே இன்னும் காத்திருக்கிறோம். 'மாரநாதா', ஆண்டவரே வாரும் என்று முதல் கிறிஸ்தவர்கள் அரமேயத்தில் சொன்ன அதே ஜெபம்தான். விவிலியத்தின் கடைசிப் பக்கத்திலும் அது இருக்கிறது. உலகம் இன்னும் சரியாகவில்லை, கண்ணீர் இன்னும் துடைக்கப்படவில்லை என்று திருச்சபையே வாய்விட்டு ஒப்புக்கொள்கிற நாலு வாரம் இது. அக்கா அதைப் புரிந்துகொண்ட அளவு நான் புரிந்துகொள்ளவில்லை.

கடந்த ஞாயிறு ரோஜா நிற மெழுகுதிரியை ஏற்றினோம், திருவருகையின் மூன்றாம் ஞாயிறு, அதை மகிழ்ச்சி ஞாயிறு என்போம். அன்றைக்கு வாசிக்கப்பட்டதோ சிறையிலிருந்து திருமுழுக்கு யோவான் இயேசுவிடம் ஆளனுப்பிக் கேட்ட கேள்வி: வரவிருப்பவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா? மகிழ்ச்சி ஞாயிறு அன்றைக்கே இப்படிக் கேட்க இடம் கொடுத்திருக்கிறார்களே என்று முதல் தடவையாகக் கவனித்தேன்.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் அன்னா என்று ஒரு பாட்டி வருகிறாரே, அவரையும் இப்போதெல்லாம் அடிக்கடி நினைக்கிறேன். கணவரோடு வாழ்ந்தது 7 வருடம்தான், அதற்கப்புறம் கைம்பெண். வயது 84. ஒரு பாட்டியைப் பற்றி இந்தக் கணக்கையெல்லாம் லூக்கா அக்கறையோடு எழுதி வைத்திருக்கிறார். குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுவந்தபோது, எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் அவர் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினார் என்று இருக்கிறது. காத்திருப்பவர்களை அவருக்குத் தெரிந்திருந்தது. நம் கோவில் பங்கில் அப்படி யார் யார் என்று நமக்குத் தெரியுமா? வெளிநாட்டில் வேலைக்குப் போய்த் தகவலே இல்லாத மகனின் அம்மா, பிள்ளை வரத்துக்காக வேளாங்கண்ணிக்கு நடக்கிற தம்பதி, ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருப்பவர்கள். டிசம்பர் 10-ஆம் தேதியே 'மகிழ்ச்சி பொங்கட்டும்' என்று மைக்கில் சொல்லிவிட்டால் இவர்கள் எங்கே போய் நிற்பார்கள்?

எங்கள் வீட்டில் குடிலுக்குள் வயல் வைக்க சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், நெல் விதைப்போம். ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். அப்புறம் மணலும் சாணிப்பொடியும் கலந்த சிரட்டையில் தூவி, கையால் தண்ணீர் தெளிக்க வேண்டும். செம்பை எடுத்து ஊற்றினால் விதை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். எங்கள் பாட்டி நாள் எண்ணித்தான் விதைப்பார். முந்தி விதைத்தால் 24-ஆம் தேதி ராத்திரிக்குள் பயிர் பழுத்துச் சாய்ந்துவிடும், பிந்தினால் வெறும் மண்தான் தெரியும். பிள்ளைகள் நாங்கள் காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அந்தச் சிரட்டைகளைத்தான். ஒரு நாள் ஒன்றும் இருக்காது. மறுநாள் ஊசி ஊசியாகப் பச்சை நிற்கும். இப்போது பிளாஸ்டிக் புல்விரிப்பு கடையில் கிடைக்கிறது, அரை மணி நேரத்தில் குடில் முடிந்துவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதிதான். இருந்தாலும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இரண்டு சிரட்டையாவது விதைத்துப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

இந்த வருடம் திருவருகையின் முதல் ஞாயிறு நவம்பர் 30-லேயே வந்தது. ஒக்கி அடித்து 8 வருடம் முடிந்த அதே நாள். அன்றைய வாசகம் மத்தேயு நற்செய்தியில் நோவா காலத்து வெள்ளம்: வெள்ளம் வந்து எல்லாரையும் அடித்துக்கொண்டு போகும்வரை அவர்கள் ஒன்றும் அறியாதிருந்தார்கள், வயலில் இருவர் இருந்தால் ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுவார், மற்றவர் விடப்படுவார். அக்கா பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூசை முடிந்ததும் பீடத்தருகே போய், அந்த ஒற்றை மெழுகுதிரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த வருடம் முதல், விழாப் படங்களை டிசம்பர் 25-க்குப் பிந்திய இதழ்களில் போடுங்கள். ஜனவரியில் ஞானிகள் குழந்தையைக் காண வந்ததை நினைக்கிற திருக்காட்சித் திருநாள் வரை, ஏன், அதற்குப் பிந்திய ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாள் வரைக்கும் அது கிறிஸ்து பிறப்புக் காலம்தான், இடம் தாராளமாக இருக்கிறது. நாமோ 26-ஆம் தேதி காலையிலேயே நட்சத்திரத்தை இறக்கிவிடுகிறோம். எங்கள் கரையில் அது சுனாமி நினைவு நாளும்கூட. அன்றைக்கு நட்சத்திரம் எரிய வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முந்தைய நாலு வார இதழ்களில், காத்திருப்பவர்களை எழுதச் சொல்லுங்கள். கதையாக வேண்டாம், நாலு வரி போதும்.

நேற்று அக்கா போனில் பேசினாள். 8 வருடத்துக்கப்புறம் இந்தத் தடவை சிரட்டையில் நெல் போட்டிருக்கிறாளாம், விரல் நீளம் வந்திருக்கிறதாம். நடுச்சாமப் பூசைக்கும் வருகிறேன் என்றாள். நான்தான் கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கன்னியாகுமரி மாவட்டம்