சாய்தளம் இருக்கிறது, அதுவரை வந்து சேர வண்டி இல்லை

முதியோர், மாற்றுத்திறனாளிகளின் போக்குவரத்துக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் இராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தின் நிலவரம் உங்களுக்குப் புதிதல்ல. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஓடுகிறது. ஆனால் எங்கள் ஊர்களில் பல அந்தச் சாலையில் இல்லை, கடலை ஒட்டி இருக்கின்றன. நடுவில் கிடக்கும் மணலையும் சீமைக் கருவேலங்காட்டையும் கோப்புகளில் எந்தப் பெயரில் எழுதியிருக்கிறீர்களோ, தெரியவில்லை.

சென்ற வாரம் என் சித்தப்பாவை உதவித்தொகை தொடர்பாக ஓர் அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள். நேரில்தான் வர வேண்டுமாம். அவர் சங்கு குளித்தவர். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்த ஒரு நாளில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. பஸ் படியில் அவரால் ஏற முடியாது. ஆட்டோவில் சாய்ந்து உட்கார முதுகு ஒத்துழைக்காது. கடைசியில் மீன் ஏற்றும் குட்டி யானையில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், சக்கர நாற்காலியோடு கயிற்றால் கட்டிக் கொண்டுபோனோம்.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை. வழியில் இறக்கிவிட ஆளும் கிடையாது, இடமும் கிடையாது. வேட்டி நனைந்துவிட்டால் அதிகாரிகள் முன்னால் எப்படி இருப்பது என்பதுதான் அவருடைய கவலை. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கும் மனிதர், இந்த வெயிலில் சொம்பைத் தள்ளிவைக்கிறார். விசாரித்தபோது, கடல்பாசி எடுத்தே முட்டி தேய்ந்துபோன எங்கள் ஊர்க் கிழவிகளும் டவுனுக்குப் போகும் நாளில் இதைத்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தது. யாரும் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. பயணம் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அலுவலக வாசலில் கைப்பிடியோடு அருமையான சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அதில் நாற்காலி ஏறிய அரை நிமிடம் அரசாங்கம் எங்களோடு இருந்தது. உள்ளே ஓர் ஊழியர் மீன்வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்மேல் கோபமில்லை, வாடை அடித்தது உண்மைதான்.

நாங்கள் கேட்பது இதுதான்: கரையோர ஒன்றியம் ஒவ்வொன்றுக்கும் நாற்காலியோடு ஏறக்கூடிய ஒரு சிறிய வேன், முன்பதிவு செய்தால் வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிக்கொள்ளும்படி. அதை ஓட்டுவதற்கு ஆண்டுதோறும் தனி நிதி.

ஓட்டுவதற்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். வண்டி வாங்கத் தொகுதி மேம்பாட்டு நிதியில் வழி பிறந்துவிடும், கொடியசைக்கவும் ஆள் வருவார்கள். ஓட்டுநர் சம்பளம், டீசல், பழுதுச் செலவு என்று மாதாமாதம் வரும் செலவுக்கு அந்த நிதியில் இடமில்லை. பட்ஜெட்டில் தனித் தலைப்பு இல்லாமல் வரும் வண்டி ஓராண்டில் ஏதாவது ஒரு வளாகத்து வேப்பமரத்தடியில் துருப்பிடித்து நிற்கும்.

பஸ்ஸில்தான் கட்டணமில்லையே என்பீர்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் இலவசம்தான், நன்றி. டிக்கெட் எடுக்க முடியாமல் சித்தப்பா வீட்டில் கிடக்கவில்லை. 2024இல் சென்னைக்குப் புதிய தாழ்தளப் பேருந்துகள் வந்தன; அதற்கே வழக்காட வேண்டியிருந்தது. 108ஐ அழைக்கலாமா? அது அவசரத்துக்கு; வாராவாரம் டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு அது வராது. தனி வண்டி பிடித்தால் 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையில் பெரும்பகுதி ஒரே நாளில் போய்விடும்.

நல்லது செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 முதல் மாத்திரை வீடு தேடி வருகிறது. 2025 முதல் ரேஷன் அரிசியும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கு வருகிறது. எல்லாம் வாசலுக்கு வருகிறது. வாசலைத் தாண்டி அவர்கள் போக வேண்டியிருக்கும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பேத்தி கல்யாணம், கோயில் கொடியேற்றம், தர்காவில் சந்தனக்கூடு, ஓட்டுச்சாவடி இவையெல்லாம் பொட்டலம் கட்டி அனுப்பக்கூடியவையா?

பாம்பனில் 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்தார்கள். கப்பல் போவதற்காக 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மேலே எழும்புகிறது. பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதே மாவட்டத்தில் ஒரு மனிதரைப் பஸ்ஸின் மூன்று படிகளுக்கு மேலே தூக்கக் கருவி இல்லை. அது மத்திய அரசு, இது மாநில அரசு என்று விளக்கம் வரும். சித்தப்பாவுக்கு இரண்டுமே அரசுதான். இரண்டுக்கும் ஓட்டுப் போட்டவர்.

பேச்சு வேறெங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து வசதி மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் 41ஆம் பிரிவில் சொல்கிறது. சாய்தளத்துக்குக் காட்டிய அக்கறையை அந்தப் பிரிவுக்கும் காட்டுங்கள். ஒன்றியத்துக்கு ஒரு வேன், அதை ஓட்ட ஆண்டு நிதி. கரையோர ஒன்றியங்கள் ஆறுக்கும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால் மண்டபத்திலோ திருப்புல்லாணியிலோ கடலாடியிலோ தொடங்குங்கள். அதுவரை, நடக்க இயலாதவர்களை நேரில் அழைக்கும் அலுவலகங்கள் அவர்கள் வீட்டுக்கு ஆளை அனுப்பட்டும்.

இந்த மடலுக்குப் பதில் எழுதும்போது ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரியைத் தவிர்த்து, எந்தத் தலைப்பில், எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து என்று தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட ஒரு கரையோரக் கிராமத்தவன்