நான்காம் மாடிப் பாட்டியின் பிளாஸ்டிக் உறை

புக்கரெஸ்ட்,
மார்ச் 15

அன்புள்ள வசந்தி,

உன் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இது ஒரே பதில். திட்ட வேண்டியதை மனத்துக்குள் திட்டி முடித்துவிட்டு மேலே படி. நாங்கள் நலம். இவருக்கு முதுகுவலி, அதையும் நலத்தில் சேர்த்துக்கொள்ளும் வயதாகிவிட்டது. உன் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாகப் பத்மா போனில் சொன்னாள். அந்த ஒரு வரிச் செய்திக்காகத் தன் மருமகள் புராணத்தை முக்கால் மணி நேரம் கேட்க வைத்தாள். தயிர்சாத வழக்கிலேயே அவளை நாம் தீர்த்துக் கட்டியிருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் உன்னிடம் ஒரு மருத்துவக் கேள்வி இருக்கிறது. நீ டாக்டர் என்பதால் முதலில் அதைத் தேடிப் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடுவாய். அப்படிச் செய்யாதே. முன்கதை தெரியாமல் நீ எழுதும் பதில் எனக்குப் பயன்படாது.

எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியில் ஒரு பாட்டி, பன்னிரண்டு வயதுப் பேத்தியோடு இருக்கிறார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். லிப்ட் பழுதானால் என்னையும் சேர்த்துத் திட்டுகிறவர். மகள் வெளிநாட்டில். இந்த வட்டாரத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் யாரோ ஒருவர் வெளிநாட்டில்தான். அதனால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. "இத்தாலியில் இருக்கிறாள்" என்றால் பேச்சு முடிந்துவிடும். இந்தப் பாட்டியும் முதல் வருடம் இத்தாலி என்றார், பிறகு ஜெர்மனி என்றார். நான் கண்டுகொள்ளவில்லை.

போன வாரம் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போவதென்றால், நாற்பது நாட்களுக்கு முன்பே சமூகநலப் பிரிவில் எழுதிக்கொடுத்து, யார் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, அந்தப் பொறுப்பை நீதிமன்றம் வழியாக மாற்றித்தர வேண்டும் என்று இங்கே ருமேனியாவில் ஒரு சட்டம். பள்ளிக்கூடத்தில் அந்தக் காகிதங்களைக் கேட்டிருக்கிறார்கள். நான் கணக்குப் பிரிவில் நாள் முழுக்க ஜெர்மன் ரசீதுகளோடு மல்லுக்கட்டுகிறவள் என்பது அவருக்குத் தெரியும். உறைக்குள் பேத்தியின் தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானப் படம், மின்கட்டண ரசீது, அவற்றோடு நான்காக மடித்த ஒரு ஜெர்மன் காகிதம். விரித்தேன். மகளின் புகைப்படம், பெயர், பிறந்த தேதி, அரசு முத்திரை. மேலே பொடி எழுத்தில் சட்டத்தின் பெயர். பாலியல் தொழில் செய்வோர் பாதுகாப்புக்கென்று ஜெர்மனியில் 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம். அதன்படி இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அரசு அலுவலகத்தில் பதிவு செய்து அத்தாட்சி வாங்க வேண்டும். அந்த அத்தாட்சிதான் அது.

எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ருமேனிய மொழியில் எனக்குத் தெரிந்த மரியாதையான சொற்களை எல்லாம் திரட்டி, "இது சட்டப்படி பதிவு செய்த வேலைக்கான காகிதம், அரசாங்கமே தந்தது" என்று இழுத்தேன். பாட்டி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "என்ன வேலை என்று உன்னைக் கேட்டேனா? தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்" என்றார்.

ஆகஸ்ட் வரை செல்லும். சொன்னேன். காபி போட்டேன். அதன் பிறகு இருட்டும்வரை அவர்தான் பேசினார்.

நீ பிரசவ வார்டிலேயே வாழ்கிறவள், இதை நீ கேட்டிருக்க வேண்டும். 1966 அக்டோபரில், அப்போது ருமேனியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்கு 770ஆம் எண் ஆணையைப் போட்டார்: கருக்கலைப்புக்குத் தடை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது நான்கு பிள்ளை பெற்றிருக்க வேண்டும். இப்படிச் சில விதிவிலக்குகள்தான். கருத்தடைச் சாதனங்களும் கடைகளிலிருந்து மறைந்தன. ஒரே வருடத்தில் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 14இலிருந்து 27க்கு ஏறியது. பத்துப் பிள்ளை பெற்றவளுக்கு 'வீரத்தாய்' பட்டமும் பதக்கமும். இருபத்தைந்து வயதுக்கு மேல் பிள்ளை இல்லையென்றால் சம்பளத்தில் வரிப்பிடித்தம், ஆணுக்கும் பெண்ணுக்கும். 2000க்குள் நாட்டின் மக்கள்தொகை மூன்று கோடியாக வேண்டும் என்பது அந்த மனிதரின் கணக்கு.

பாட்டி அப்போது ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்தவர். எண்பதுகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பெண்களையும் தொழிற்சாலை மருத்துவ அறைக்கு வெளியே வரிசையாக நிற்க வைப்பார்களாம். உள்ளே பரிசோதனை. கர்ப்பம் தெரிந்தால் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள்; அதன் பிறகு குழந்தை பிறந்தாக வேண்டும், இல்லையென்றால் ஏன் பிறக்கவில்லை என்று விசாரணை. பாட்டி சொன்னதில் எனக்கு இன்னும் மனத்தை விட்டுப் போகாதது ஒன்று: பரிசோதனைக்குப் போகிறவர்கள் தையல் இயந்திரத்தை நிறுத்தக் கூடாது, பக்கத்து இயந்திரக்காரி இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உற்பத்தி குறையக் கூடாதே! அந்தப் பக்கத்து இயந்திரக்காரி 1986இல் வீட்டிலேயே கருவைக் கலைக்கப் பார்த்து, ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். யார் செய்துவிட்டது என்ற பெயரைச் சொன்னால்தான் சிகிச்சை என்று கட்டிலருகே ஒரு போலீஸ்காரர். அந்தப் பெண் கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏறக்குறைய பத்தாயிரம் பெண்கள் இப்படிச் செத்திருப்பார்கள் என்கிறார்கள். 1989 டிசம்பரில் சௌசெஸ்கு வீழ்ந்தார். புது அரசு முதல் வேலைகளில் ஒன்றாக, 26ஆம் தேதியே அந்த ஆணையை ரத்து செய்தது. 1989இல் லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 170 தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்த நாட்டில், அடுத்த வருடமே அது பாதியானது. மருந்தில்லை, மாயமில்லை, ஒரு காகிதத்தைக் கிழித்ததால் வந்த பலன். உங்கள் துறையில் இப்படி ஒரு முன்னேற்றத்தை நீ வேறெங்காவது பார்த்திருக்கிறாயா? அதே 1990இல் ஏறக்குறைய பத்து லட்சம் கருக்கலைப்புகள். ஒரு குழந்தை பிறந்தால் மூன்று கலைந்தன. கண்ணை மூடிக்கொண்டு நல்லது கெட்டது சொல்ல நான் தயாரில்லை. இருபத்து மூன்று வருடம் கதவைப் பூட்டி வைத்தால் திறந்ததும் அப்படித்தான் இருக்கும்.

உன் மாமனார் இதைப் படித்தால் அமெரிக்கப் பிரசாரம் என்பார். படித்துக் காட்டு, பரவாயில்லை. நாம் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்ட அந்த வழவழப்பான சோவியத் தாள்களில் டிராக்டர் ஓட்டிச் சிரித்த பெண்களைப் பார்த்து நானும்தான் பொறாமைப்பட்டேன். அதில் பாதி உண்மையும் இருந்தது, அதையும் அவரிடம் சொல். பாட்டிக்கு வேலை இருந்தது, இந்த வீடு இருந்தது, குழந்தைகள் காப்பகம் இருந்தது. எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு பால் வரிசையில் நிற்பதும் குளிரில் நடுங்கிக்கொண்டு சமைப்பதும் அவர் தலையில்தான் இருந்தன என்பதை மட்டும் எந்தப் படமும் காட்டவில்லை.

மகள் பிறந்தது 1988. "அவளை நான் கேட்கவில்லை, அவர்கள் கேட்டார்கள்" என்றார் பாட்டி. "கேட்டவர்கள் மறு வருடமே இல்லாமல் போய்விட்டார்கள். வளர்த்தது நான்."

அதற்கப்புறம் நடந்ததை நீயே ஊகிக்கலாம். தொழிற்சாலை மூடியது, அந்த இடத்தில் இப்போது பேரங்காடி. காப்பகங்கள் குறைந்தன. 2002 முதல் பெரும்பாலான மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம், 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடு. 1990இல் இரண்டு கோடியே முப்பத்திரண்டு லட்சம் பேர் இருந்த நாடு, 2021 கணக்கெடுப்பில் ஒரு கோடியே தொண்ணூறு லட்சமாகிவிட்டது. மூன்று கோடி கேட்ட மனிதர் கல்லறையில் என்ன நினைக்கிறாரோ!

வசந்தி, எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இரண்டாம் மாடிப் பெண் இத்தாலியில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, இரவெல்லாம் விழித்திருந்து பணம் அனுப்புகிறாள். நான்காம் மாடிப் பெண் ஜெர்மனியிலிருந்து அனுப்புகிறாள். ஈஸ்டருக்கு முன் பார்சல் வேன் வந்து நிற்கும். ஒரே வேன், இரண்டு வீட்டுப் பெட்டியிலும் அதே துணி சோப்பு, அதே சாக்லேட், பிள்ளைக்கு ஓர் அளவு பெரிதாகப் பார்த்து வாங்கிய காலணி. முதல் பெண்ணைத் தியாகி என்கிறார்கள். பாதிரியார் பிரார்த்தனையில் அவள் பெயரைச் சொல்கிறார். இரண்டாமவளைப் பற்றி லிப்டில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள்: தாயா அவள்? இரண்டு பிள்ளைகளும் தாயைப் போன் திரையில்தான் பார்க்கின்றன. தியாகிகளும் சுகமாக இல்லை. அந்த வேலையிலிருந்து தூக்கம் கெட்டு, மனம் உடைந்து திரும்பும் பெண்களின் நிலைக்கு 2005இல் உக்ரைனிய மனநல மருத்துவர்கள் இருவர் 'இத்தாலி நோய்' என்று பெயரே வைத்தார்கள். இங்கே யாஷ் நகரத்து மனநல மருத்துவமனையில் அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துச் சிகிச்சை தருகிறார்கள்.

இதற்கு நடுவில் 2018இல் குடும்பம் என்றால் என்ன என்று அரசியல் சட்டத்தில் எழுத ஒரு பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். முப்பது சதவீதம் பேர் வந்தால் செல்லும் என்றார்கள். இருபத்தொரு சதவீதம்தான் வந்தார்கள். பாட்டி போகவில்லை. அன்றைக்கு ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாராம்.

நீ கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும்: அவள் விரும்பித்தான் செய்கிறாளா, யாராவது அடித்துச் செய்ய வைக்கிறார்களா? நியாயமான கேள்வி. ஐரோப்பாவில் பெண்களைக் கடத்தி விற்பதில் பலியாகிறவர்களில் ருமேனியப் பெண்கள் எப்போதும் முன்வரிசையில் இருக்கிறார்கள். பெரும்பாலும் இருட்டில் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் இல்லை. காதலனாக வருகிறான், கல்யாணம் பேசுகிறான், ஜெர்மனியில் வீடு பார்ப்போம் என்கிறான். போன பிறகு கடன் இருக்கிறது என்று அழுகிறான், அப்புறம் அடிக்கிறான். வீட்டில் அப்பாவோ அம்மாவோ இல்லாமல் வளர்ந்த பெண்களாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். பாட்டியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "முதலில் ஒருவன் இருந்தான். இப்போது இல்லை" என்று மட்டும் சொல்லிக் காபிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். ஜெர்மனியில் 2022 முடிவில் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 28,000 பேர், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ருமேனியர்கள். பதிவு செய்யாதவர்கள் எவ்வளவோ பேர். ஒவ்வொருத்திக்கும் ஒரு கதை இருக்கும். எல்லோரையும் அடிமை என்று அழுவதும் எல்லோரையும் சுதந்திரப் பறவை என்று கொண்டாடுவதும் எனக்கு ஒன்றுபோலவே எரிச்சலாக இருக்கிறது.

இந்த நாட்டில் 2014 பிப்ரவரி வரை பாலியல் தொழில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இப்போது அபராதம்தான். அபராதம் கட்ட மறுபடி தெருவுக்குப் போக வேண்டும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலும்.

பள்ளிப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு நான் திணறினேன். "சுயதொழில் என்று எழுது" என்றார் பாட்டி. ஜெர்மன் வரிக் கணக்குப்படி அதுதான் சரியும்கூட.

இப்போது கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் பெண்கள் அதிகம் சாவது ருமேனியாவில். அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கான எச்.பி.வி. தடுப்பூசி 2023 டிசம்பரிலிருந்து 11 முதல் 18 வயதுவரை இலவசம். பேத்திக்குப் போடலாம் என்று குடும்ப மருத்துவர் சொல்லியிருக்கிறார். பாட்டி ஒப்பவில்லை. அவர் 1989க்குப் பிறகு ஒரு தடவைகூட மகளிர் நோய் மருத்துவரிடம் பரிசோதனைக்குப் போனதில்லை. "போதும் அவர்கள் பார்த்தது" என்கிறார். இந்த வட்டாரத்தில் அந்த வயதுப் பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான். வேடிக்கையைப் பார், அந்தக் குடும்பத்தில் வருடத்துக்கு ஒருமுறை உடல்நல ஆலோசனைக்குப் போகிறவள் மகள் ஒருத்திதான். ஜெர்மன் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

நான் புள்ளிவிவரம் சொன்னால் பாட்டி எழுந்து போய்விடுவார். "அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது" என்று சொன்னதே நான் செய்த பெரிய கெடுதல் என்று இவர் சொல்கிறார். உன் வார்டில் ஊசி என்றாலே மகளை இழுத்துக்கொண்டு ஓடும் அம்மாக்களை நீ எப்படிச் சம்மதிக்க வைக்கிறாய்? என்ன சொல்வாய், எதைச் சொல்லாமல் விடுவாய்? பேத்திக்கு இன்னும் மாதவிடாய் வரவில்லை. அதற்கு முன் போடக் கூடாது என்று பாட்டி எங்கேயோ கேட்டிருக்கிறார், அதற்கும் பதில் வேண்டும். பாட்டிக்கே இந்த வயதில் ஒரு பரிசோதனை தேவையா என்பதையும் சேர்த்து எழுது.

குரல் பதிவாக அனுப்பாதே. நீ வேகமாகப் பேசினால் எனக்குத் தமிழே புரிவதில்லை, இதை நான் ருமேனிய மொழியில் வேறு சொல்லியாக வேண்டும். ஈஸ்டருக்கு முன் வந்தால் நல்லது. மகள் பத்து நாள் விடுப்பில் வருகிறாள், கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான்.

பெருங்காயம் தீர்ந்துவிட்டது. பத்மாவின் தம்பி மே மாதம் இந்தப் பக்கம் வருவதாகக் கேள்வி, அவனிடம் கொடுத்தனுப்பு. கட்டிப் பெருங்காயம். தூள் வேண்டாம்.

அன்புடன்,
சித்ரா