‘திடீரென’ என்ற ஒரு சொல்லைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க்கடிச் செய்தி இல்லாமல் ஒரு வாரம் கழிவது இப்போது அரிதாகிவிட்டது. அந்தச் செய்திகளில் ஒரு சொல் தவறாமல் இடம்பெறுகிறது. ‘விளையாடிக்கொண்டிருந்த சிறுவன் மீது நாய் திடீரெனப் பாய்ந்தது’ என்றோ, ‘அமைதியாகப் படுத்திருந்த வளர்ப்பு நாய் திடீரெனக் கடித்தது’ என்றோ தங்கள் நாளிதழிலும் பலமுறை படித்திருக்கிறேன். அரசுக் கால்நடை மருந்தகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, மேசைமேல் ஏற்றப்பட்ட நாய்களின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் முகத்தை வைத்துக் காலம் தள்ளியவன் என்ற முறையில், அந்த ஒரு சொல்லைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

சென்ற மாதம் எங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. திண்ணையில் படுத்திருக்கும் வீட்டு நாயின் கழுத்தை என் நான்கு வயதுப் பேத்தி இரு கைகளாலும் கட்டிக்கொண்டு, அதன் தலைமேல் கன்னத்தை வைத்திருக்கிறாள். மொத்தம் நாற்பது விநாடி. கீழே வரிசையாக இதயக் குறிகள். நான் நாயை மட்டும் பார்த்தேன். முதலில் அது முகத்தைக் குழந்தையிடமிருந்து அப்பால் திருப்பியது. அருகில் தின்பண்டம் எதுவும் இல்லாதபோதே நாக்கை நீட்டித் தன் மூக்கை நக்கியது. சற்றுக் கழித்து மீண்டும் நக்கியது. காதுகள் பின்னோக்கிப் படிந்தன. தலையை அசைக்காமல் விழியை மட்டும் உருட்டிக் குழந்தையைப் பார்த்தபோது கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறைபோலத் தெரிந்தது. பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. ‘பாவம், அதுக்குத் தூக்கம் வருது’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். கடைசி சில விநாடிகளில், அதுவரை நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்த நாய் வாயை மூடி, உடம்பை விறைத்து, அசைவற்று உறைந்துவிட்டது. அத்துடன் காணொளி முடிந்தது. உடனே மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். “அது ஒண்ணும் செய்யாதுப்பா, ரொம்ப சாது” என்றாள். சாதுதான். அந்த நாற்பது விநாடிக்குள் ஐந்தாறு முறை, அதற்குத் தெரிந்த மொழியில், ‘விடு’ என்று கேட்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்காமல் இருந்து, கடைசியில் அது கடித்திருந்தால், அந்தச் செய்தியிலும் ‘திடீரென’ வந்திருக்கும்.

முகம் திருப்புதல், மூக்கை நக்குதல், கொட்டாவி, முன்னங்காலில் ஒன்றைச் சற்றுத் தூக்கி நிற்றல், தரையை வீணாக மோப்பம் பிடித்தல் போன்றவற்றைப் பல ஆண்டுகள் கவனித்துத் தொகுத்த நார்வே நாட்டுப் பயிற்சியாளர் தூரிட் ருகாஸ், ‘அமைதிப்படுத்தும் சைகைகள்’ என்று அவற்றுக்குப் பெயரிட்டார். எதிரே இருப்பவரைத் தணிக்கவும், தன் பதற்றத்தை ஆற்றிக்கொள்ளவும் நாய் இவற்றைப் பயன்படுத்துகிறது என்பது அவர் கருத்து. தனியாக ஒரு கொட்டாவியைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. தூங்கி எழுந்த நாயும் கொட்டாவி விடும். என்ன நடந்துகொண்டிருக்கும்போது விட்டது, அதனுடன் வேறு என்னென்ன சேர்ந்து வந்தன என்பதையே பார்க்க வேண்டும். எங்கள் மருந்தகத்து மேசையில் ஊசிக்காக நிற்கும் நாய் கீழே இறங்கியதும், தகட்டின்மேல் நான்கு ஈரத் தடங்கள் இருக்கும். நாய்க்கு உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. பயந்தால் அங்கே வியர்க்கும். வாசலைத் தாண்டியதும், ஒரு துளி நீர் படாத அதே நாய், குளித்து எழுந்ததுபோல உடம்பை ஒருமுறை உலுக்கிக்கொள்ளும். ‘அப்பாடா’ என்று நாம் மூச்சு விடுவதைப் போன்றது அது.

வாலைப் பற்றி நம்மிடையே உள்ள நம்பிக்கைதான் அதிகக் கடிகளுக்குக் காரணம் என்பது என் அனுபவம். ‘வாலாட்டுகிறது, ஒன்றும் செய்யாது’ என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் கடிபட்டவர்கள் பலர் என்னிடம் வந்து நாயைக் குறை சொல்லியிருக்கிறார்கள். இடுப்போடு சேர்ந்து உடம்பே நெளிந்து ஆடும் தளர்ந்த வாலாட்டம் வேறு. உயரத் தூக்கி, விறைப்பாக, சிறிய வீச்சில் துடிக்கும் வாலாட்டம் வேறு. பின்னதற்கு ‘கிளர்ச்சியில் இருக்கிறேன்’ என்பது மட்டுமே பொருள். நட்பா பகையா என்பதை மற்ற உறுப்புகள்தான் சொல்லும். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் 30 நாய்களைக் கொண்டு செய்த ஆய்வில், வளர்ப்பவரைக் கண்டபோது வால் வலப்புறம் அதிகமாகவும், முரட்டுத்தனமான அந்நிய நாயைக் கண்டபோது இடப்புறம் அதிகமாகவும் சாய்ந்து ஆடியதைக் கண்டார்கள். தெருவில் நிற்பவர் கோணமானி கொண்டு அளக்க முடியாது என்றாலும், ஆடும் வாலெல்லாம் ஒரே வால் இல்லை என்பதற்கு இதுவே போதும். நம் தெரு நாய்களில் பலவற்றுக்கு முதுகின்மேல் சுருண்ட வால் இயல்பு. அந்தச் சுருளை நாம் நிமிர்த்த முடியாது என்று பழமொழி சொல்கிறது. ஆனால் பயம் நிமிர்த்திவிடும். சுருள் அவிழ்ந்து வால் தாழ்ந்தாலே அச்சம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். கன்னி, சிப்பிப்பாறை நாய்களுக்கோ வால் தாழ்ந்திருப்பதே வழக்கம். டாபர்மேனின் வாலை அழகுக்காக நறுக்குபவர்கள், அதன் பேச்சில் பாதியை நறுக்கிவிடுகிறார்கள்.

‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். குரைத்துக்கொண்டிருந்த நாய் எதனால் அடங்கியது என்பதே முக்கியம். நாம் விலகிப்போய் அடங்கினால் நல்லது. நாம் நெருங்க நெருங்கச் சத்தம் நின்று, வாய் மூடி, பார்வை நிலைகுத்தினால், அங்கிருந்து ஓரடிகூட முன்வைக்கக் கூடாது. உறுமியதற்காக நாயை அடிக்கும் வழக்கம் இதனால்தான் ஆபத்தானது. ஒருவர் தம் நாயைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தபோது, “முன்ன உறுமும் சார், நாலு சாத்து சாத்தினேன், இப்ப உறுமுறதே இல்ல” என்று பெருமையாகச் சொன்னார். அன்று நான் வாய்க்கட்டுப் போடாமல் அந்த நாயைத் தொடவில்லை. அச்சம் உள்ளே அப்படியே இருக்க, எச்சரிக்கையை மட்டும் அவர் அழித்திருந்தார். தப்பு செய்துவிட்டு நாய் ‘குற்ற உணர்வோடு’ தலை குனிவதாகச் சொல்வதும் இத்தகையதே. அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் 14 நாய்களிடம் சோதித்தபோது, அந்த முகபாவம் தப்பு செய்ததோடு தொடர்பில்லாமல், திட்டு விழுந்ததோடுதான் சேர்ந்து வந்தது. அது நம் குரலைக் கேட்டுப் பயந்த முகம்.

‘திடீரென’ என்ற சொல் பொருந்தும் இடங்களும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. காதுப் புண்ணோ, இடுப்பு மூட்டு வலியோ உள்ள வயதான நாய், வலிக்கும் இடத்தில் கைபட்டால் முன்னறிவிப்பின்றிக் கடிக்கலாம். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டு வாய் போட்டுவிடும். ரேபிஸ் கண்ட நாய் எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படாது. அதிலும் ஊமை வெறி வகை மோசமானது: நாய் பாயாது, குரைக்காது, தாடை தொங்கி எச்சில் ஒழுக ஓரமாகக் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று எண்ணி வீட்டுக்காரர் வாய்க்குள் கைவிடுவார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் தடவாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். குழந்தைகளின் உயரம் காரணமாக அவர்களுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழுகிறது. மூளைக்கு அருகில் என்பதால் அங்கே தாமதம் கூடவே கூடாது.

பேத்திக்கு இப்போது ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாயிடம் அவள் போகக் கூடாது. இரண்டடி தள்ளி உட்கார்ந்து அழைக்க வேண்டும். அதுவாக வந்தால் கழுத்தின் பக்கவாட்டில் மூன்று எண்ணும் வரை தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் மேலும் ஒட்டிக்கொண்டு வந்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பினால் ஆட்டம் முடிந்தது. தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் ஆட்டமே கிடையாது. நான்கு வயதுக்கு இது புரிகிறது. மகளுக்குத்தான் நாளாயிற்று.

தங்களிடம் கேட்பது சிறியது. அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, கடிக்கு முந்தைய ஒரு நிமிடத்தில் நாய் எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது, அதைச் சுற்றி யார் எவ்வளவு அருகில் இருந்தார்கள் என்று நேரில் பார்த்தவர்களிடம் தங்கள் நிருபர்கள் கேட்டு இரண்டு வரி சேர்க்க வேண்டும். இடம் போதவில்லை என்றால், ‘திடீரென’ என்பதை நீக்கி ஒரு சொல்லுக்கு இடம் தேடிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை உதவி மருத்துவர்,
விருதுநகர் மாவட்டம்.