“அக்கா சேலையை வெட்டிட்டியாமே?” என்று கேட்ட சித்திக்கு

அன்புள்ள சித்தி,

போன வாரம் போனில், “அக்கா சேலையை வெட்டிட்டியாமே?” என்று கேட்டீர்கள். ஆமாம் சித்தி என்றேன். அதற்கு மேல் நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேச்சு உங்கள் முழங்கால் வலிக்கும் வைகையில் வந்த தண்ணீருக்கும் போய்விட்டது. போனை வைத்த பிறகு எனக்கு மனசே சரியில்லை. அந்தத் தகரப் பெட்டியை என் கையில் கொடுத்தது நீங்கள். கொடுக்கும்போது ஒவ்வொரு சேலையையும் எடுத்து, முகர்ந்து பார்த்து, திரும்ப மடித்து வைத்தீர்கள். அம்மாவின் சேலைத் துண்டுகளைச் சேர்த்து ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத்தான் வெட்டினேன். உங்களுக்கு நான் கணக்கு சொல்லியாக வேண்டும்.

எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. அம்மாவின் சேலை, மாமியாரின் சேலை, போய்ச் சேர்ந்த யாரோ ஒருவரின் சேலை பீரோவில் இருக்கிறது, வெட்டலாமா கூடாதா என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. உங்களுக்குச் சொல்வதுதான் அவர்களுக்கும்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பட்டுச் சேலை எதையும் நான் தொடவில்லை. முகூர்த்தப் பட்டு வெள்ளைத் துணியில் சுற்றி, மடிப்பு மாற்றி மடித்து அப்படியே இருக்கிறது. வெட்டியது வீட்டில் இருக்கும்போது அம்மா கட்டிய சுங்குடிகள் நான்கைத்தான். மெரூன், பச்சை, கத்திரிப்பூ, அந்த மாம்பழ மஞ்சள். நான்குமே இனி யாரும் கட்ட முடியாத நிலையில் இருந்தன. மெரூனைப் பிரித்தபோது கொசுவம் வரும் இடம் மடிப்போடு மடிப்பாக விட்டுப்போயிருந்தது. பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் அது கிழிந்துகொண்டேதான் போயிருக்கும்.

வெட்டுவதற்கு முன் ஒரு மாதம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சேலையை எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்ப்பேன். நைந்த இடம் வலை மாதிரி தெரியும். அதைச் சுற்றி சாக்கட்டியால் ஒரு கோடு. அப்படிப் பார்த்தபோதுதான் சித்தி, சேலைக்குள் அம்மா இருந்தது தெரிந்தது. கீழ்க்கரை முழுதும் குதிகால் உரசி நூல் நூலாக நிற்கிறது. தோளில் வரும் இடம் வெளுத்திருக்கிறது. முந்தானை நுனியில் ஒரு சாண் அளவுக்கு நிறமே வேறு. கை துடைத்து, எங்கள் முகம் துடைத்து, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கிய இடம் அது. இடுப்பில் உள்ளே செருகும் உள்முந்தி மட்டும் வெயிலே படாமல், கடையில் எடுத்த அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ அந்த மெரூன். புள்ளிகள்கூட ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சேலை அது. எந்தப் புள்ளியும் இன்னொன்றைப் போல இல்லை. ஒரே சேலையில் மூன்று மெரூன்!

அதை வைத்தே போர்வையின் அமைப்பை முடிவு செய்தேன். அகலத்துக்கு பத்து, நீளத்துக்கு பன்னிரண்டு, ஆக 120 சதுரம். உள்முந்தியின் கருத்த துண்டுகள் நடுவில், வெளுக்க வெளுக்க ஓரத்துக்கு. முந்தானை நுனி கடைசி வரிசையில், கை பிடித்து இழுத்துப் போர்த்திக்கொள்ளும் இடத்தில். எப்போது முடியும் என்று நீங்கள் கேட்டால், அதற்கு ஒரு பதில் இதுதான். எந்தத் துண்டு எந்த இடத்திலிருந்து வந்தது என்று பின்பக்கம் பென்சிலால் குறித்துக் குறித்துத்தான் வெட்ட முடிந்தது.

வெளுத்த துண்டுகளையும் சேர்க்கும் துணிச்சல் எனக்கு எங்கிருந்தோ வந்துவிடவில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து ஓடும் இடத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஊர். 1942இல் அங்கே மிசூரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பிறகு, அவர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன துணிகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு, அதையே போர்த்திக்கொண்டு படுப்பதற்காக. அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன. வேலைத் துணிகளில் தைத்தவற்றின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள் சித்தி. சட்டைப் பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக இருக்கும். அதை அவர்கள் மறைக்கவில்லை. நான் ஏன் அம்மாவின் முந்தானையை மறைக்க வேண்டும்?

ஒட்டுத்துணி என்றால் நம் வீட்டில் இல்லாத காலத்து ஞாபகம்தான் வரும், தெரியும். ஆத்தா கிழிசலுக்குக் கிழிசல் ஒட்டுப்போட்டு உங்களுக்குப் பாவாடை தைத்த கதையை நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் சித்திரைத் தேரில் உருளை உருளையாகத் தொங்கும் துணி அலங்காரம், அந்தத் தொம்பையும் ஒட்டுத்துணி வேலைதானே? மதுரைப் புதுமண்டபத்தில் தையல் கடைகள் இருந்த காலத்தில் அம்மா வளையல் பார்க்கும் நேரத்தில் நான் தையல்காரர் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். துண்டின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறி, உள்ளே மடித்து, அதன் மேல் ஊசியை ஓட்டுவார். இஸ்திரிப் பெட்டி சூடாகும் வரை பொறுக்க முடியாதபோது இன்றும் நான் அந்த நகக் கீறலைத்தான் போடுகிறேன்.

சரி, கற்றுக்கொண்ட கதைக்கு வருகிறேன். எல்லாமே கெட்டு, பிரித்து, திரும்பத் தைத்துக் கற்றது.

தையலுக்கு விடும் துணி கால் இன்ச். தச்சர் கணக்கில் இரண்டு நூல். ஆறரை இன்ச்சுக்கு வெட்டிய சதுரம் தைத்த பிறகு ஆறு இன்ச் ஆகும். பத்துச் சதுரம் சேர்ந்தால் ஒரு வரிசையில் ஒன்பது தையல். ஒவ்வொரு தையலிலும் பக்கத்துக்கு அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் வரிசை முடியும்போது ஒன்பது நூல், அதாவது ஒரு இன்ச்சுக்கு மேல், குறைந்துவிடும். என் முதல் மூன்று வரிசைகள் மூன்று நீளத்தில் வந்தன. தையல் சரியாகத்தான் இருந்தது. பிசகு எங்கே என்று இரண்டு நாள் தேடினேன். கல்யாணப் பத்திரிகை அட்டையில் அளவுச் சதுரம் வெட்டி வைத்திருந்தேன். கோடு போடப் போட அட்டையின் ஓரம் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது; முதல் துண்டும் ஐம்பதாவது துண்டும் ஒரே அளவில் இல்லை. இப்போது பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டி வைத்திருக்கிறேன், தேய்வதில்லை. மூன்று வரிசையையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன். பிரிக்கும்போது நைந்த துணி இழுபடாமல், மூன்று தையலுக்கு ஒரு முறை நூலை வெட்டி, மறுபக்க நூலை மெதுவாக உருவ வேண்டும்.

சாயம் அடுத்தது. மெரூனையும் வெள்ளையையும் சேர்த்து ஒரு சின்ன மாதிரி தைத்துத் தண்ணீரில் போட்டேன். வெள்ளை முழுதும் ரோஸ் ஆகிவிட்டது. அன்றைக்கு அழுதேன் சித்தி. இத்தனை வருடம் துவைத்த சேலையில் இனி என்ன சாயம் போகும் என்று நினைத்ததுதான் தப்பு. உள்முந்தியில் அத்தனையும் அப்படியே இருந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் அது நிற்காது, நான் வைத்துப் பார்த்துவிட்டேன். தண்ணீர் தெளிவாக வரும் வரை தனியாக அலசுவது ஒன்றுதான் வழி. மெரூனுக்கு ஒன்பது அலசல் ஆனது. அதன் பிறகும் ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டு, கறை ஏறவில்லை என்று பார்த்த பிறகே அடுத்த துண்டோடு சேர்த்தேன்.

நடுவில் என்ன வைப்பது என்பதிலும் ஒரு பாடம். என் முதல் போர்வைக்கு, மீட்டர் கணக்கில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சை வைத்தேன். பார்க்க மெத்தென்று அழகாக இருந்தது. மதுரை வெயிலில் யார் போர்த்துவது? பிள்ளைகள் அரை மணி நேரத்தில் உதைத்துத் தள்ளிவிட்டார்கள். வங்காளத்துக் காந்தாவில் பஞ்சே கிடையாது, பழைய சேலைகளை அடுக்கி வைத்துத் தைப்பதுதான். நம் ஊருக்கும் அதுதான் சரி. அம்மாவின் போர்வைக்கு நடுவில் அப்பாவின் எட்டு முழ வேட்டியை இரண்டாக வெட்டிச் சேர்த்து வைக்கப்போகிறேன். துவைத்துத் துவைத்து அது பஞ்சை விட மென்மையாகிவிட்டது.

கையில் இருக்கும் மற்றவை பெரிதாகச் சொல்ல இல்லை. பக்கத்துத் தையல் கடையில் வாங்கிய ஜாக்கெட் துண்டுகளில் ஒரு தொட்டில் விரிப்பு முடியப்போகிறது. அந்தத் துண்டுகளில் எது பருத்தி என்று கண்ணால் தெரியாது. ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள்; காகிதம் போல எரிந்து சாம்பலானால் பருத்தி, உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். தம்பி மகனின் பனியன் துணிப் போர்வை நின்றுபோய் எட்டு மாதம் ஆகிறது. இழுத்தால் நீளும் துணியைச் சதுரமாக நிறுத்தப் பின்னால் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் கேன்வாஸ் ஒட்ட வேண்டும், அதற்கு எனக்கு இன்னும் பொறுமை வரவில்லை.

மிச்சத் துண்டுகளில் ஒன்று தொடங்கியிருக்கிறேன், அது உங்களுக்குப் பிடிக்கும். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியால் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரும் சித்திதான்! அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்கு கவந்தி என்று பெயர். அளவெடுத்து வெட்டுவது கிடையாது. ஓரத்தில் ஒரு துண்டை வைத்து ஓட்டுத் தையல் போட்டு, சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். பூ இல்லாமல் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. எக்ஸ்ரே ஃபிலிமோடு மல்லுக்கட்டி அலுக்கும் மாலையில் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவின் போர்வையில் பன்னிரண்டு வரிசைக்கு ஏழு வரிசை முடிந்துவிட்டது. மஞ்சளில் மூன்று சதுரம் குறைகிறது. அந்த மாம்பழ மஞ்சளை அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே நாளில் எடுத்தோம் என்பீர்களே, உங்களுடையது இருக்கிறதா? உள்முந்தியில் அரை முழம் போதும். இன்னும் கட்டிக்கொண்டிருந்தால் வேண்டவே வேண்டாம், பச்சையை வைத்துச் சமாளித்துக்கொள்வேன்.

தை மாதம் வருகிறீர்கள் அல்லவா? அதற்குள் மேல்துணி முடிந்துவிடும். மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருக்கம் தள்ளித் தள்ளி நூலோட்ட வேண்டும். ஒருத்தியால் ஆகாது, எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க ஒரு கை வேண்டும். உங்களுக்கு முழங்கால் மடக்க முடியாது என்பதால் கட்டில் மேலேயே விரித்துவிடுகிறேன். நடு வரிசை, அந்தக் கருத்த மெரூன், உங்களுக்கு. ஊசியில் நூல் கோத்து நான் வைத்திருக்கிறேன், கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்